காலக்கெடு இல்லாத நாற்காலிகள்: காவிரி ஆணைய உறுப்பினர்களின் பதவிக்காலம் குறித்து

காவிரி வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் டெல்டா விவசாயிகள். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983-இல் போட்ட ரிட் மனுவில்தான் 1990 மே 4 அன்று நடுவர் மன்றம் அமைக்க உத்தரவு வந்தது. அந்த முயற்சியின் பின்னால் நின்றவர்களில் மன்னார்குடி எஸ். ரங்கநாதன் முக்கியமானவர். மன்றம் 1990 ஜூன் 2-இல் அமைந்து, 2007 பிப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பு அளித்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் திருத்தியது. அவ்வாண்டு ஜூன் 1 அன்று, ஆணையத்தை அமைக்கும் காவிரி நீர் மேலாண்மைத் திட்டம் அரசிதழில் வந்தது. மனுப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் 35 ஆண்டுகள். இவ்வளவு காலம் காத்துப் பெற்ற ஆணையத்தைப் பற்றித் தமிழகத்தில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நின்றன: அதற்கு அதிகாரம் உண்டா, தலைவர் முழுநேரத் தலைவரா? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அந்த மேசையைச் சுற்றி அமர்பவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை காலம் அமர்கிறார்கள், அந்தக் காலத்தை யார் குறுக்க முடியும்? பார்வைக்கு இது அலுவலக நடைமுறைச் சங்கதிபோலத் தோன்றும். ஆணையத்தின் தரத்தை நிர்ணயிப்பதில் இதற்குள்ள பங்கு, நாம் சண்டை போட்ட மற்ற இரண்டு கேள்விகளுக்கும் குறைந்ததல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். குறிப்பாக, தலைவரின் ஐந்தாண்டைவிட, மாநில உறுப்பினர்களுக்குப் பதவிக்காலமே இல்லை என்பது கவனிக்கப்பட வேண்டிய குறை.

திட்டம் சொல்வதும் சொல்லாததும்

2018-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ஆணையத்தில் தலைவரோடு சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள். தலைவர் நீர்வள மேலாண்மையில் பழுத்த அனுபவமுள்ள பொறியாளராகவோ, மத்திய அரசின் செயலர் அல்லது கூடுதல் செயலர் நிலையிலுள்ள அகில இந்தியப் பணி அதிகாரியாகவோ இருக்க வேண்டும். அவருடைய பதவிக்காலம் ஐந்தாண்டு, அல்லது 65 வயது வரை, இரண்டில் எது முன்னதோ அது. முழுநேர உறுப்பினர் இருவர்: நீர்வளத்துக்கு ஒருவர், வேளாண்மைக்கு ஒருவர். இவர்களுக்கு முதலில் மூன்றாண்டு, ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். மத்திய அமைச்சகங்களின் இணைச் செயலர் நிலையில் பகுதிநேர உறுப்பினர் இருவர். கடைசியாக, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கின் நீர்வளத் துறைச் செயலர்கள், பகுதிநேர உறுப்பினர்களாக. ஆணையத்தின் செயலருக்கு வாக்குரிமை இல்லை. கூட்டம் நடக்க ஆறு பேர் வேண்டும்.

இந்த ஒன்பதில் காலம் குறிக்கப்பட்டவை மூன்று நாற்காலிகள் மட்டுமே. மற்ற ஆறும் பதவியோடு ஒட்டியவை. துறைச் செயலராக இருக்கும் வரை உறுப்பினர். மாற்றல் உத்தரவு வந்த மறுநாள் வேறொருவர். தண்ணீரைத் தரவேண்டியவரும் பெறவேண்டியவரும் இந்த ஆறு பேருக்குள்தான் இருக்கிறார்கள். காலம் குறித்த மூவரின் நிலையும் எழுத்தில் உள்ள அளவுக்கு உறுதியானதல்ல. மத்திய அரசுப் பணியில் ஓய்வு வயது 60 என்பதால், ஓய்வுபெற்ற கையோடு அமர்த்தப்படும் ஒருவருக்கே ஐந்தாண்டு முழுதாகக் கிடைக்கும். 62 வயதில் அமர்பவருக்கு மூன்றாண்டுதான். ஆக, ஐந்தாண்டு என்பது ஓர் உச்சவரம்பு, குறைந்தபட்ச உத்தரவாதம் அல்ல. அதுவும் தொடக்கத்தில் கிடைக்கவில்லை. 2018 ஜூலை 2 அன்று நடந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மசூத் உசேன் மத்திய நீர் ஆணையத்தின் தலைவர். காவிரி அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. 2021 ஜூலையில் தமிழக நீர்வளத் துறை அமைச்சர் துரைமுருகன் டெல்லியில் ஒன்றிய அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத்தைச் சந்தித்து முழுநேரத் தலைவர் கேட்டார். அவ்வாண்டே எஸ்.கே. ஹல்தர் அமர்த்தப்பட்டார். திட்டம் தலைவருக்கு ஐந்தாண்டு என்று எழுதியது. முதல் மூன்றாண்டுகள் அந்த நாற்காலி இரவலில் ஓடியது.

இரண்டு அச்சங்கள்

பதவிக்காலம் என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அச்சங்கள் இருக்கின்றன. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார் என்பது ஒன்று. உட்கார்ந்தவரை வேண்டாதவர்கள் எழுப்பிவிடுவார்கள் என்பது மற்றொன்று. முதல் அச்சம் காலத்துக்கு மேல்வரம்பு கேட்கும்; இரண்டாவது கீழ்வரம்பு கேட்கும். பொதுவிவாதத்தில் இவ்விரண்டும் குழம்பிக் கிடப்பதால் 'பதவிக்காலம் எவ்வளவு' என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

முதல் அச்சத்துக்கு நம்மிடமுள்ள மிகத் தெளிவான ஆவணம் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921). மேடைகளில் இவை குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. பேசுபவர்கள், அது வேதம் கற்ற, வரி கட்டும் நிலமுள்ள பிராமணர்களின் சபை என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். தேர்தல் முறையைவிட அதிலுள்ள காலக் கணக்கே நம் கேள்விக்கு வேண்டியது. வாரியத்தில் அமர்ந்தவருக்கு 360 நாள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவருக்கு ஓலை எழுதக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை. வயது 35-க்கு மேல், 70-க்குள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஆறு பேர் கொண்டது. அதாவது ஒரு நீர் மேலாண்மைக் குழு. இவ்வளவு குறுகிய காலத்தில் அனுபவம் எப்படிச் சேரும் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடையும் அதே கல்வெட்டில் இருக்கிறது: சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தனிமனிதரை 360 நாளில் இறக்கிவிட்டு, அனுபவத்தை அடுத்த படிக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏரியும் கண்ணெதிரே இருந்தது, முன்பு மடை பார்த்தவரும் அதே ஊரில் இருந்தார் என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். டெல்லியிலுள்ள ஓர் ஆணையத்துக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது அச்சத்தை நம் காலத்தில் அதிகம் பேசியது உச்ச நீதிமன்றம். தீர்ப்பாயங்கள் தொடர்பான சென்னை வழக்கறிஞர் சங்க வழக்குகளில், உறுப்பினர்களுக்கு நான்காண்டு என்று அரசு வைத்ததை ஏற்காமல், 2020 நவம்பரில் ஐந்தாண்டு வேண்டும் என்றது. அவசரச் சட்டத்தின் வழியாக நான்காண்டு திரும்பி வந்தபோது 2021 ஜூலையில் அதையும் நீக்கியது. குறுகிய காலம் தகுதியானவர்களை வரவிடாது, வந்தவர்களையும் நிர்வாகத்தின் தயவுக்குக் கட்டிப்போடும் என்பது அந்தத் தீர்ப்புகளின் உள்ளோட்டம். தகவல் ஆணையர்களுக்குச் சட்டத்திலேயே இருந்த ஐந்தாண்டை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டு, காலத்தை நிர்ணயிக்கும் உரிமையை மத்திய அரசுக்குக் கொடுத்ததும், விதிகளில் அது மூன்றாண்டு ஆனதும் இதே கதையின் மறுபக்கம். அமெரிக்க மைய வங்கியின் ஆளுநர் குழுவில் ஒருவருக்கு 14 ஆண்டு. ஏழு இடங்களும் ஒரே நேரத்தில் காலியாகாதபடி வரிசை வைத்திருக்கிறார்கள். நீண்ட காலம் என்பதைவிட அந்த வரிசை முக்கியமானது. ஒரு குழு முழுவதும் ஒரே நாளில் மாறாது என்ற உறுதியே அதற்கு நினைவாற்றலைத் தருகிறது.

எல்லையற்ற காலம், எவருக்கும் இல்லாத காலம்

காவிரிப் பிரச்சினை இதற்கு முன்பு இரண்டு வகை அமைப்புகளைப் பார்த்திருக்கிறது. இரண்டுமே காலத்தை ஒழுங்காகக் கையாளவில்லை. நடுவர் மன்றத்துக்குக் கெடு இல்லை, உறுப்பினர்களுக்கும் பதவிக்காலம் இல்லை. தீர்ப்பு வரும் வரை மன்றம் என்பதே ஏற்பாடு. 1991 ஜூன் 25-இல் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. இறுதித் தீர்ப்புக்கு அதன்பின் 15 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சித்ததோஷ் முகர்ஜி இடையிலேயே விலகினார், என்.பி. சிங் வந்தார், அவருக்குப் பின் பி.எஸ். சௌகான். 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இனி வரும் மன்றங்கள் மூன்றாண்டில் அறிக்கை தர வேண்டும், இரண்டாண்டு நீட்டிக்கலாம் என்று வைத்தபோது, காவிரி அந்தக் கெடுவுக்கு அப்பாற்பட்டதாகவே நின்றது.

மறுகோடியில் இருந்தது 1998-இல் அமைந்த காவிரி நதிநீர் ஆணையம். பிரதமர் தலைவர், நான்கு முதலமைச்சர்கள் உறுப்பினர்கள். தேர்தலில் வென்றால் உறுப்பினர், தோற்றால் இல்லை. 2003 பிப்ரவரிக்குப் பிறகு அது மீண்டும் கூடியது 2012 செப்டம்பரில். இடையில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆட்சிகள் மாறி, பிரதமரும் மாறியிருந்தார். முந்தைய கூட்டத்தில் எந்த அடிப்படையில் எவ்வளவு தண்ணீர் பேசினார்கள் என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் உறுப்பினர் நாற்காலிகளில் இல்லை, பின்வரிசையில் கோப்போடு அமர்ந்திருந்த பொறியாளர்களாக இருந்திருப்பார்கள். 2018-ஆம் ஆண்டுத் திட்டம் முதலமைச்சரை எழுப்பிவிட்டுச் செயலரை உட்கார வைத்தது. அரசியல் சூட்டைக் குறைத்த அளவில் இது முன்னேற்றம்தான். நாற்காலியின் காலத்தைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை. முதலமைச்சருக்காவது மக்கள் ஐந்தாண்டு கொடுக்கிறார்கள். செயலருக்கு அதுவும் இல்லை.

பற்றாக்குறை ஆண்டின் கணக்கு

மழை பொழியும் ஆண்டில் ஆணையத்துக்கு வேலை குறைவு. 2018 முதல் ஐந்து நீராண்டுகளிலும் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைக் கடந்து வந்த மொத்த நீர், வரவேண்டிய 177.25 டி.எம்.சி.யைவிடக் கூடுதல். மேட்டூர் 2022-இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே எழாத ஆண்டுகள் அவை. பற்றாக்குறை ஆண்டில்தான், குறைந்த நீரை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்ற, தீர்ப்பு விரிவாகச் சொல்லாமல் விட்ட கேள்வி மேசைக்கு வருகிறது. 2002, 2003, 2012, 2016, 2023: இந்த நூற்றாண்டில் டெல்டாவை வாட்டிய ஆண்டுகள் இப்படித்தான் விழுந்திருக்கின்றன. இடைவெளி சில சமயம் நான்காண்டு, சில சமயம் ஒன்பது. மூன்றாண்டுக்கு அமரும் முழுநேர உறுப்பினர் ஒரு பற்றாக்குறை ஆண்டையும் பார்க்காமலேயே ஓய்வுபெற்றுப் போகலாம். 2018 ஜூனில் திட்டப்படியே ஒரு தலைவரை ஐந்தாண்டுக்கு அமர்த்தியிருந்தால், 2023 ஆகஸ்டுக்கு இரண்டு மாதம் முன்பே அவர் காலம் முடிந்திருக்கும். ஆண்டுக்காண்டு கூடினாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே கடினமான பரீட்சை எழுதும் அமைப்பு இது. அதன் உறுப்பினர்களின் காலத்தை மூன்று, ஐந்து என்று பொதுவான அரசு வழக்கப்படி வைத்ததில் ஆற்றின் கணக்குப் பார்க்கப்படவில்லை.

2023-ஐச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேட்டூர் வழக்கமான ஜூன் 12-இல் திறந்தது. குறுவை நட்டாயிற்று. தென்மேற்குப் பருவமழை ஆகஸ்டில் பொய்த்தது. உச்ச நீதிமன்றம் திருத்திய அட்டவணைப்படி ஆகஸ்டில் பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டியது 45.95 டி.எம்.சி.; நாளொன்றுக்குச் சராசரி வினாடிக்கு ஏறத்தாழ 17,000 கன அடி. ஆகஸ்ட் இரண்டாம் வாரக் கூட்டங்களில் 15,000 கன அடி என்று தொடங்கிய பேச்சு, கர்நாடகம் 8,000 என்று இறங்கியதும் முறிந்து, தமிழகத் தரப்பு வெளிநடப்புச் செய்தது. ஆணையம் 10,000 என்றது. மாத இறுதியில் அது 5,000 கன அடி, 15 நாள் என்று ஆயிற்று. கூட்டிப் பார்த்தால் சுமார் 6.5 டி.எம்.சி. செப்டம்பரிலும் 5,000. இந்த 15,000, 10,000, 5,000 ஆகிய எண்கள் ஒவ்வொன்றும் எந்தச் சூத்திரத்திலிருந்து வந்தன? கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கான நீர்வரத்து எத்தனை விழுக்காடு குறைந்ததோ அந்த விழுக்காட்டுக்குத் தமிழகத்தின் பங்கையும் குறைப்பது என்பது பொதுக் கொள்கை. எத்தனை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவது, ஏற்கெனவே தேங்கியிருந்ததைக் கணக்கில் கொள்வதா, பிந்தி வரும் வடகிழக்குப் பருவமழையை எப்படி மதிப்பது என்பவையெல்லாம் திறந்தே கிடந்தன. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பற்றாக்குறைச் சூத்திரம் ஒன்று, ஆணையம் பிறந்து ஐந்தாண்டாகியும், அதற்குரிய நிதானமான ஆண்டுகள் ஐந்து கிடைத்தும், இறுதியாகவில்லை. மழை நன்றாக இருந்தபோது அதைப் பேசி முடிப்பதற்கு, அடுத்த பஞ்ச ஆண்டில் தானே அந்த மேசையில் இருப்போம் என்ற எதிர்பார்ப்புள்ள உறுப்பினர் வேண்டும். மாற்றல் உத்தரவை எதிர்பார்த்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. அதை ஒத்திப்போடுவதே அவர் பார்வையில் புத்திசாலித்தனம்.

இதன் விளைவு கீழே எங்கே தெரிகிறது என்றால் நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில். அங்கே வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. தண்ணீர் தாராளமாக வரும்போது மூன்றிலும் ஓடும். குறைந்தால் முறை வைக்க வேண்டும். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அடுத்து அதற்கு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடை வயல்களுக்கு எத்தனை நாளில் எட்டும், எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினால் எந்த வாய்க்கால் தலைக்கு ஏறும் என்பதை அங்குள்ள நீர்வளத் துறை லஸ்கர்கள் பல முறைகள் பார்த்துப் பழகியிருப்பார்கள். மேட்டூரில் விட்ட நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், கடைமடைக்கு அதன்மேலும் ஒரு வாரம் பத்து நாள் என்பதால், '15 நாளைக்கு 5,000 கன அடி' என்ற டெல்லி உத்தரவு இங்கே முறை வைக்கக்கூட முழுதாக உதவாது. பதினைந்து நாளில் உத்தரவு முடிந்துவிடும். நீர் அப்போதுதான் பாமணியாற்றில் கால் வைத்திருக்கும். நீர்ப்பங்கீட்டின் அடிமட்டத்தில் பணியாற்றுபவருக்குப் பல பருவங்களின் நினைவு இருக்கிறது. உச்சியில் முடிவெடுப்பவருக்கு அது இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது இது: மாநில உறுப்பினர் மாநிலத்தின் குரல். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தன் குரலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள உரிமையுள்ளது. அவருக்கு மாற்ற முடியாத ஐந்தாண்டு கொடுத்தால், ஆட்சி மாறிய பின்னும் பழைய அரசின் ஆள் உட்கார்ந்திருப்பார். இதற்கு 2018-இலேயே ஒரு நல்ல சான்றும் உண்டு. கர்நாடகம் தன் பிரதிநிதியைச் சொல்லாமல் காலம் கடத்தியபோது, ஜூன் 22 அன்று மத்திய அரசு அவர்களுக்காகக் காத்திராமல் ஆணையத்தை அமைத்தது. உறுப்பினர் இன்ன பதவியில் இருப்பவர் என்று திட்டமே சொல்லியிருந்ததால்தான் அது முடிந்தது. பெயர் குறித்து, காலம் குறித்து நியமிக்க வேண்டும் என்றிருந்தால் ஒரு மாநிலம் நியமிக்காமலேயே ஆணையத்தை முடக்கியிருக்கலாம். பதவியோடு ஒட்டிய நாற்காலிக்கு இந்தப் பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே செயலரின் நாற்காலியையும் வாக்கையும் எடுக்கச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில், தலைமைப் பொறியாளர் நிலையில், பெயர் குறித்த ஒருவரை, மறுநியமனம் இல்லாத ஐந்தாண்டுக்கு, வாக்கில்லாத உறுப்பினராக ஒவ்வொரு மாநிலமும் அமர்த்தலாம். குரல் மாறலாம், கணக்கு மாறக் கூடாது. ஆஸ்திரேலியாவின் முர்ரே–டார்லிங் ஏற்பாடு ஏறக்குறைய இப்படிப் பிரித்திருக்கிறது: மாநில அமைச்சர்களுக்கு ஓர் அவை, அதிகாரிகளுக்கு ஒரு குழு, அவற்றிலிருந்து தனியாக, 2007-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி நான்காண்டுக்கு மிகாத காலத்துக்கு அமரும் நிபுணர்களின் ஆணையம்.

அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஆளிருக்கிறதே என்று இரண்டாவது மறுப்பு வரலாம். உண்மைதான். தமிழகத்தில் காவிரி தொழில்நுட்பக் குழு இருக்கிறது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த பொறியாளர் ஆர். சுப்பிரமணியன், செயலர்கள் மாறி மாறி வந்தபோதும் டெல்லிக் கூட்டங்களுக்குப் போய்வந்தார். சிந்து நதி உடன்படிக்கையிலும் ஆணையருக்குக் காலம் எழுதப்படவில்லை. நீரியலில் தேர்ந்த உயர்நிலைப் பொறியாளராக இருக்க வேண்டும் என்ற தகுதியே பிரதானம். பாகிஸ்தானின் ஜமாத் அலி ஷா 1993 முதல் 2010 வரை அப்பதவியில் இருந்தார். எனவே காலத்தைவிடத் துறை அறிவே நினைவைக் காக்கிறது என்று வாதிடலாம். நான் இதை என் வாதத்துக்கான சான்றாகவே எடுக்கிறேன். தேவை இருப்பதால்தான் ஒரு நாடும் ஒரு மாநிலமும் விதியில் இல்லாததை வழக்கத்தில் செய்துகொண்டன. வழக்கம் என்பது ஆட்சியாளர் விரும்பும் வரை. அதோடு, ஒரு தரப்பின் பொறியாளரிடம் உள்ள நினைவு அந்தத் தரப்பின் வழக்குரைக்குப் பயன்படும். எல்லாத் தரப்பும் ஒரே மேசையில் பல ஆண்டு அமர்ந்து சேர்க்கும் பொது நினைவுக்கு அது ஈடாகாது. சூத்திரம் பிறக்க வேண்டிய இடம் பின்னது.

பஞ்சாபும் ஹரியானாவும் இந்த விஷயத்தில் கற்றுத்தரும் பாடம் வேறு. காவிரிக்கு முன்மாதிரியாக நடுவர் மன்றம் சுட்டியது பக்ரா பியாஸ் மேலாண்மை வாரியத்தை. அங்கே முழுநேர உறுப்பினர் இருவரில் மின்சாரத்துக்குப் பஞ்சாப், பாசனத்துக்கு ஹரியானா என்ற வழக்கம் இருந்தது. 2022 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, எந்த மாநிலத்தவரும் வரலாம் என்று மத்திய அரசு செய்ததும் பஞ்சாபில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு முழுவதும் 'யார்' என்பதைப் பற்றி. 'எவ்வளவு காலம், யார் நீக்கலாம்' என்பது பேச்சில் அடிபடவே இல்லை. தண்ணீர்ச் சண்டைகளில் இது பொது நோய்.

மூன்றாவது மறுப்பு நடைமுறைவாதிகளுடையது. மதகுகள் கர்நாடகத்தின் கையில் இருக்கும்போது, டெல்லியில் யார் எத்தனை ஆண்டு இருந்தால் என்ன? அதிகாரம் இல்லாத இடத்தில் பதவிக்காலத்தைச் செதுக்குவது வீண். இதற்குப் பதில் 2023 செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றமே தந்துவிட்டது. ஆணையமும் அதன் ஒழுங்காற்றுக் குழுவும் உரிய அம்சங்களையெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கின்றன, அதில் தலையிட மாட்டோம் என்றது. நீதிமன்றம் இப்படி விலகி நிற்கும்போது ஆணையத்தின் கணக்கே ஏறத்தாழ இறுதிச் சொல்லாகிறது. அடுத்த வாரம் பெங்களூரிலும் பின்னர் கர்நாடகம் முழுவதும் முழு அடைப்பு நடந்தது. இங்கே அக்டோபர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தெருவிலும் அவையிலும் எழுந்த அழுத்தத்துக்கு நடுவே ஐயாயிரத்தை நியாயப்படுத்த வேண்டியவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேரை அன்று மாலையே மாற்றிவிடச் சட்டத்தில் தடையில்லை. அதிகாரம் குறைவான அமைப்புக்குத்தான் உறுப்பினர் உறுதி கூடுதலாக வேண்டும்.

நீண்ட காலம் கொடுத்தால் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் புகலிடமாகிவிடும் என்ற உத்திரமேரூர் அச்சம் எஞ்சி நிற்கிறது. மறுநியமனம் இல்லை என்ற நிபந்தனையும், மாநிலப் பொறியாளர்கள் நால்வரின் தொடக்க ஆண்டுகளும் வேறுபட வேண்டும் என்ற வரிசையும் அதற்குப் போதும் என்று நினைக்கிறேன். மறுநியமனத்துக்காக ஒருவர் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது. எந்த ஆண்டிலும் குறைந்தது மூவருக்கு முந்தைய ஆண்டின் நினைவு இருக்கும்.

எது யார் கையில்

திட்டத்தைத் திருத்தப் புதிய சட்டம் தேவையில்லை. பன்மாநில நதிநீர்த் தகராறுகள் சட்டம், 1956-இன் 6ஏ பிரிவின்கீழ் மத்திய அரசு வகுத்த திட்டம் இது. அறிவிக்கையால் திருத்தி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைத்தால் போதும். நடைமுறையில் நான்கு மாநிலங்களையும் கலக்காமல் அது நடக்காது என்பதால் உடனே நடக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் கெடு ஒன்று இருக்கிறது. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தன் பங்கீட்டை 15 ஆண்டுக்கு மாற்றக் கூடாது என்றது. 2033-இல் மறுபேச்சு வரும்போது ஒவ்வொரு தரப்பும் இந்த ஆண்டுகளின் புள்ளிவிவரங்களை மேசையில் பரப்பும், அதிகம் சச்சரவுக்குள்ளாகப்போவது 2023–24 நீராண்டு. அந்த ஆண்டில் எந்த எண் எப்படி வந்தது என்று அறிந்த ஒருவரும் 2033-இல் அங்கே இருப்பதற்கு இன்றைய விதியில் உத்தரவாதமில்லை. அன்றைய தலைவரை 65 வயது என்ற வரம்பே அனுப்பியிருக்கும்.

தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடிய பாதி வேலை ஒன்று உண்டு. இந்திய ஆட்சிப் பணிக் கேடர் விதிகளின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், கேடர் பதவியில் இருப்பவருக்குக் குறைந்தது இரண்டாண்டு என்று சொல்கிறது. அதற்கு முந்திய அக்டோபரில் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதும் அதுவே. நீர்வளத் துறைச் செயலர் விஷயத்தில் அந்த இரண்டாண்டை உண்மையாகவே கடைப்பிடிக்கலாம். கூட்டங்களுக்குச் செயலரோடு செல்லும் பொறியாளரை ஓர் அரசாணையால், பெயர் குறித்து, ஐந்தாண்டுக்கு அமர்த்தலாம். அந்த அரசாணையில் அவர் ஆண்டுதோறும் ஜூன் மாதம், மேட்டூர் திறப்புக்கு முன், முந்தைய நீராண்டின் பங்கீட்டுக் கணக்கைத் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்சியர்கள் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் முன்வைக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம்.